ஏழு பெடலும் ஒரே அடாப்டரும்: ஒரு பெடல்போர்டு நிகழ்வு ஆய்வு

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தான். தோளில் கிட்டார், கையில் கட்டைப்பை. பைக்குள் கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் ஏழு எஃபெக்ட் பெடல்கள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிள்கள் பின்னிப் பிணைந்தபடி, ஒரே ஒரு அடாப்டர். பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தில் வாசிக்கிறான். கல்யாண வரவேற்புகளில் லைட் மியூசிக் குழுவோடும் போவான்.

"பாட்டு ஓடும்போது ஒண்ணும் தெரியலண்ணே. ஜெபத்துக்கு எல்லாரும் கண்ண மூடுனதும் ஸ்பீக்கர்ல கீ...ன்னு ஒரு சத்தம். சபையே திரும்பிப் பாக்குது."

கூடவே கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். 60 சென்டிமீட்டர் அகலத்தில் அழகான அலுமினிய பெடல்போர்டு. "இத வாங்கிட்டா சரியாயிரும்லாண்ணே?"

சரியாகாது. பலகை பெடல்களைப் பிடித்து வைக்கும்; சத்தத்தைப் பிடித்து வைக்காது. என்னிடம் வருகிற பெரும்பாலானோர் இதே வரிசையில்தான் யோசிக்கிறார்கள்: முதலில் பலகை, அதில் இடம் மிஞ்சினால் இன்னும் இரண்டு பெடல், மின்சாரத்துக்குக் கடைசியில் கையில் மிஞ்சும் காசு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். மின்சாரத்தை அளந்து முடிவு செய்யுங்கள், பிறகு கால் எங்கே போகிறது என்று பாருங்கள், பலகையைக் கடைசியில் வாங்குங்கள். அந்தத் தம்பியின் பலகை அப்படித்தான் உருவானது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கையில் இருந்தவை

சுருதி பார்க்கும் டியூனர், பாதத்தால் ஆட்டினால் 'வா வா' என்று ஒலிக்கும் கிரை பேபி வா பெடல், ஒலியை லேசாகக் கரகரக்க வைக்கும் ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர், இன்னும் பலமாகக் கரகரக்க வைக்கும் பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன், ஒலியைத் தடிப்பாக்கும் ஒரு கோரஸ், எதிரொலி தரும் பாஸ் டிடி-8 டிலே, கடைசியாகப் பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற முழக்கம் தரும் ஒரு பெரிய டிஜிட்டல் ரிவெர்ப். ஏழுக்கும் 9 வோல்ட் டிசிதான், ஏழுக்கும் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ்தான். அந்த விதத்தில் தம்பி கொடுத்து வைத்தவன். பழைய லைன் 6 டிஎல்4 போல 9 வோல்ட் ஏசி கேட்கும் பெடலோ, பிஎன்பி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய ஃபஸ் ஃபேஸ் போல பாசிட்டிவ் கிரவுண்ட் (பாசிட்டிவ் முனையே பொது இணைப்பாக இருக்கும்) பெடலோ இதில் இருந்திருந்தால் கதை வேறு. பாசிட்டிவ் கிரவுண்ட் பெடலை மற்றவற்றோடு ஒரே அடாப்டரில் மாட்டினால், பேட்ச் கேபிளின் உறை (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பிவலை) வழியாக 9 வோல்ட்டும் கிரவுண்டும் நேருக்கு நேர் ஷார்ட் ஆகிவிடும்.

அடாப்டரிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு எட்டுத் தலையாகப் பிரிந்தது. டெய்சி செயின் என்று சொல்வது இதைத்தான். அடாப்டர் மேல் 500 மில்லிஆம்பியர் என்று போட்டிருந்தது.

சத்தம் எங்கிருந்து

எதையும் வாங்கச் சொல்வதற்கு முன் சத்தத்தின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். கிட்டாரை நேராக ஆம்பில் சொருகினோம். அமைதி. ஏழு பெடலையும் நடுவில் சேர்த்தோம். டிஎஸ்-1ஐ மிதித்ததும் இரண்டு சத்தம் ஒன்றாகக் கேட்டது: அடியில் தடித்த ஒரு ஊங்காரம், மேலே ஊசி போன்ற கீச்சு.

ஊங்காரத்துக்கு என்னிடம் ஒரு எளிய சோதனை உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை டிசியாக மாற்றும்போது அரைகுறையாக வடிகட்டப்பட்டால் 100 ஹெர்ட்ஸ் மிஞ்சும். கிட்டாரின் ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை மீட்டிப் பாருங்கள். ஊங்காரம் அதைவிட ஒரு மயிரிழை ஏறி நின்றால் அது அடாப்டரின் 100 ஹெர்ட்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, வயிற்றில் அதிர்வது போல இருந்தால் 50 ஹெர்ட்ஸ். அப்போது எர்த்தையும் பிக்கப்பையும் சந்தேகப்பட வேண்டும். தம்பியின் ஊங்காரம் ஜி பக்கத்தில் நின்றது. அதாவது அடாப்டர்.

கீச்சுக்கு அடுத்த சோதனை. டியூப் ஸ்க்ரீமருக்கும் டிஎஸ்-1க்கும் 9 வோல்ட் பேட்டரி போட்டு, அவற்றைச் செயினிலிருந்து கழற்றினோம். கீச்சு ஏறத்தாழ மறைந்தது. பேட்டரியை எடுத்துவிட்டு அவற்றை மறுபடி செயினில் மாட்டி, ரிவெர்ப் பெடலுக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்தோம். இப்போது அறவே இல்லை. ஆக எந்தப் பெடலும் கெட்டுப்போகவில்லை. டிஜிட்டல் பெடலும் டிஸ்டார்ஷனும் ஒரே வயரைப் பங்கு போட்டதுதான் கோளாறு.

காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் செலவாகப் போவது இதற்காகத்தான். டிஜிட்டல் பெடலுக்குள் இருக்கும் பிராசசர் மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டு உறிஞ்சும். டெய்சி செயினில் எல்லாப் பெடலின் கிரவுண்டும் இரண்டு வழியாகச் சேர்ந்திருக்கிறது: பவர் வயரின் நெகட்டிவ் வழியாக ஒன்று, பேட்ச் கேபிளின் உறை வழியாக ஒன்று. டிஜிட்டல் பெடல் உறிஞ்சும் துடிப்பு இந்த இரண்டு பாதையிலும் பிரிந்து ஓடும். பேட்ச் கேபிளின் உறையில் ஓடும் பங்கு, அந்த உறையின் சிறு மின்தடையில் சிறு வோல்டேஜாக மாறி, கிட்டார் சிக்னலோடு சேர்ந்துகொள்ளும். மின்தடை 0.1 ஓம், துடிப்பு 10 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 1 மில்லிவோல்ட். சின்னதுதான். ஆனால் டிஸ்டார்ஷன் பெடல் தனக்குள் வருவதைப் பல நூறு மடங்கு பெருக்கக்கூடியது. கம்பி பேசும்போது கம்பியின் சத்தம் இதை மூடிவிடும். கம்பி ஓய்ந்ததும் பெருக்க வேறொன்றும் இல்லாமல் இந்த 1 மில்லிவோல்ட் மேலே வரும். ஜெபநேரத்தில் மட்டும் ஏன் கேட்டது என்பதற்கு விடை இதுதான்.

கூட்டல் கணக்கு

"அண்ணே, நான் கூட்டிப் பாத்துட்டேன். எல்லாம் சேத்து 430 மில்லிஆம்பியர்தான் வருது. அடாப்டர்ல 500 போட்டிருக்குல்லா?"

கணக்குப் போட்டுப் பார்த்தான் என்பதே எனக்கு மகிழ்ச்சி. டிடி-8க்கு 65, ரிவெர்ப்புக்கு 300, டியூனருக்கு 30, கோரஸுக்குச் சுமார் 20, டியூப் ஸ்க்ரீமருக்குச் சுமார் 8, டிஎஸ்-1க்கு 4, வா பெடலுக்கு 1 இருந்தாலே அதிகம். கூட்டல் சரிதான். ஆனால் அவன் கூட்டியது காகிதத்தில் இருந்ததை.

நான் அளப்பதற்கென்றே ஒரு வயர் வைத்திருக்கிறேன். ஒரு முனையில் டிசி பிளக், மறு முனையில் டிசி ஜாக், நடுவே ஒரு கம்பியை மட்டும் அறுத்து மல்டிமீட்டரின் இரண்டு முனையும் அங்கே. அதில் வைத்துப் பார்த்தபோது டியூனர் 30ஐத் தாண்டி 80க்கு மேல் காட்டியது. வெயிலில் தெரியவேண்டும் என்று அவன் அதை அதிக வெளிச்ச நிலையில் வைத்திருந்தான். கணக்கு 480ஐத் தொட்டது. செயினின் கடைசித் தலையில் வோல்டேஜ் 8.4. ரிவெர்ப் பெடல் சில நாள் தானாக அணைந்து எழுந்ததாகவும் அப்போதுதான் நினைவு வந்து சொன்னான்.

இங்கே புதியவர்கள் குழம்பும் ஒரு விஷயம். வோல்டேஜைச் சப்ளை தள்ளுகிறது. மில்லிஆம்பியரைப் பெடல் இழுத்துக்கொள்கிறது. 4 மில்லிஆம்பியர் பெடலை 500 மில்லிஆம்பியர் சப்ளையில் மாட்டினால் ஒன்றும் ஆகாது. 9 வோல்ட் பெடலை 18 வோல்ட்டில் மாட்டினால் புகையலாம். இதைவிட நம் ஊரில் அதிகம் நடப்பது இன்னொன்று: வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டரும் சிசிடிவி கேமராவின் அடாப்டரும் பெடலுக்கு அப்படியே பொருந்தும், அதே 2.1 மில்லிமீட்டர் பிளக். ஆனால் அவற்றில் நடுமுனை பாசிட்டிவ். பெடலுக்குத் தலைகீழ். அவசரத்துக்கு அதைச் சொருகி என்னிடம் வந்த பெடல்கள் கொஞ்சநஞ்சமல்ல. பிளக் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன் ஸ்டிக்கரில் இருக்கும் அந்தச் சின்ன வட்டப் படத்தைப் பாருங்கள்.

எந்த சப்ளை

முதல் வழி, இருப்பதை வைத்தே சமாளிப்பது. ரிவெர்ப்புக்கும் டிலேக்கும் தனித்தனி அடாப்டர், மற்ற ஐந்துக்கும் பழைய செயின். சோதனையில் ரிவெர்ப்பைப் பிரித்ததுமே கீச்சு நின்றதைப் பார்த்தோமே. காசு தட்டுப்பாடு என்றால் கூச்சப்படாமல் இதையே செய்யுங்கள். நான் பலருக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு ஒத்துவராததற்குக் காரணம் வேறு. கல்யாண மண்டபத்தில் மேடைப்பக்கம் கிடைப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதையும் கீபோர்டுகாரரும் கேட்பார்.

இரண்டாவது வழி, மின்சாரம் வெளிவரும் ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் சப்ளை. வெளியே பார்த்தால் ஒரு பெட்டி. உள்ளே ஒவ்வொரு வாய்க்கும் தனிச் சுருளோ தனி கன்வெர்ட்டரோ இருக்கும். ஒரு வாயின் நெகட்டிவுக்கும் இன்னொன்றின் நெகட்டிவுக்கும் தொடர்பே இராது. கிரவுண்டுக்குப் பேட்ச் கேபிள் என்ற ஒரே பாதைதான் மிஞ்சும். துடிப்பு ஒரு பெடலைவிட்டு இன்னொன்றுக்குத் தாவ வழியில்லை.

தம்பி இணையத்தில் பத்து வாயுள்ள ஒன்றை மலிவாக வாங்கி வந்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் ஐசொலேட்டட் என்று போட்டிருந்தது. பெடல் எதையும் மாட்டாமல், சுவரிலும் சொருகாமல், மல்டிமீட்டரைப் பீப் ஒலி நிலையில் வைத்து ஒரு வாயின் நடுமுனையையும் அடுத்த வாயின் நடுமுனையையும் தொட்டேன். பீப். மூன்றாவதிலும் பீப். பத்தும் உள்ளே ஒன்றாகவே கட்டப்பட்டிருந்தன. டெய்சி செயினைப் பெட்டிக்குள் மறைத்து வைத்தது போல. அன்றே திருப்பி அனுப்பிவிட்டான். பத்து விநாடிச் சோதனை இது. கடையிலேயே செய்து பார்க்கலாம்.

அடுத்து ஒரு நண்பரிடம் டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்ளை ஒன்றை இரவல் வாங்கினோம். நிஜமான ஐசொலேஷன், சத்தமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வாயிலும் 100 மில்லிஆம்பியர்தான். 300 கேட்கும் ரிவெர்ப்பை எங்கே மாட்டுவது? இது அந்தப் பெட்டியின் குறையல்ல. அந்த வகைக்கே பெயர்பெற்ற வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸிலும் எட்டு வாயில் ஆறுக்குத் தலா 100தான், இரண்டுக்கு 250. அனலாக் பெடல்கள் மட்டும் இருந்த காலத்துக்கு அது தாராளம். இன்றைய டிஜிட்டல் பெடல்களை நினைத்து வந்தவை வேறு: ஸ்ட்ரைமன் ஜூமாவில் ஒன்பது வாய், தலா 500, சியாக்ஸ் டிசி7இல் ஏழு வாய், 9 வோல்ட்டில் தலா 660. ஆகவே மொத்தக் கூட்டல் மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் பெடல் எந்த வாய்க்கு என்று எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டு 100 வாய்களை ஒய் வயரால் சேர்த்து 200 ஆக்கலாம்தான், இரண்டும் உண்மையிலேயே பிரிந்திருந்து ஒரே வோல்டேஜில் இருந்தால். 300க்கு மூன்று வாயைத் தின்னக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அந்த இரவல் பெட்டி இன்னொன்றும் கற்றுத் தந்தது. வா பெடலை அதன் பக்கத்தில் வைத்ததும் ஊங்கத் தொடங்கியது. வா பெடலுக்குள் ஒரு இண்டக்டர் சுருள் இருக்கிறது; டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அது அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு சாண் தள்ளி வைத்ததும் அடங்கியது. பலகை போடும்போது இது உதவியது.

இந்த நேரத்தில் தம்பியின் மாமா அமெரிக்காவிலிருந்து வருவதாகச் செய்தி. "நல்ல சப்ளையா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லவாண்ணே?" வேண்டாம் என்றேன். சொல்லியே தீர வேண்டும் என்றால், மாடல் எண்ணை முதலில் எனக்கு அனுப்பச் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர் வகைகள் பலவும் அங்கே 120 வோல்ட்டுக்கு மட்டும் கட்டப்பட்டவை. நம் 230இல் சொருகினால் அன்றோடு சரி. வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் செங்கல் போல இன்னொரு கனத்தைச் சுமக்க வேண்டும். மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் ஸ்விட்சிங் வகையில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருப்பவற்றுக்கு அந்தக் கவலை இல்லை. அதைவிட முக்கியமாக, கோடையில் மண்டபத்தில் ஏசி எல்லாம் ஓடி லைன் 180க்கு இறங்கினாலும் அது 9 வோல்ட்டை விடாமல் கொடுக்கும். கரண்ட் போய் மலிவான இன்வெர்ட்டரின் சதுர அலையில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் வகை உறுமுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் ஸ்விட்சிங் என்றாலே சத்தம் என்று நானும் ஒதுக்கி வைத்தேன். நன்றாக வடிவமைத்தவற்றைக் கேட்ட பிறகு மாறிக்கொண்டேன்.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருந்த நண்பர் வழியாக விசாரித்து, ஸ்விட்சிங் வகையில் எட்டு வாயுள்ள ஒன்று வாங்கினான். ஆறில் தலா 100, இரண்டில் தலா 500. பீப் சோதனையில் எட்டும் தனித்தனி. ரிவெர்ப் ஒரு 500இல், டிலே மற்ற 500இல், டியூனர் 100இல். டிலேக்கு 100 போதும், ஆனால் டிஜிட்டல் பெடலுக்கு இரட்டிப்பு இடம் விடுவது என் வழக்கம்.

தரையில் செய்தித்தாள்

இனிதான் பலகை. பட்டறைத் தரையில் செய்தித்தாளை விரித்து ஏழு பெடலையும் அடுக்கி, நின்றபடி ஒரு முழு ஆராதனைப் பாட்டு வரிசையை வாசிக்கச் சொன்னேன். அவன் எதை எத்தனை தடவை மிதிக்கிறான் என்று குறித்தேன். டியூப் ஸ்க்ரீமரும் டிலேயும் மாறி மாறி. டிஎஸ்-1 இரண்டு பாட்டில். டியூனர் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே. கோரஸ் தொடக்கத்தில் ஒரு தடவை. ரிவெர்ப்பை அணைக்கவே இல்லை. வா பெடல் ஒரே ஒரு பாட்டுக்கு.

முன்வரிசை யாருக்கு என்பது தானாகத் தெரிந்துவிட்டது. டியூனர், டியூப் ஸ்க்ரீமர், டிஎஸ்-1, டிலே. பின்வரிசையில் கோரஸும் ரிவெர்ப்பும். வா பெடல் பையில். வேண்டும் நாளில் வலப்பக்கம் தரையில் வைத்துக்கொள்ளலாம். அவனுக்கு முதலில் மனசில்லை. நீளம் 25 சென்டிமீட்டர், அகலம் 10, கனம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு பாட்டுக்காக அதை வாரம் முழுக்க ஸ்கூட்டரில் ஏற்றிச் சுமப்பதா என்று கேட்டேன். தவிர, காந்தப்புலத் தொல்லையும் இல்லை.

பாஸ் பெடலின் அகலம் 73 மில்லிமீட்டர், ஆழம் 129. டியூப் ஸ்க்ரீமரும் ஏறத்தாழ அதே அளவு. பக்கவாட்டில் சொருகும் தட்டை பிளக் இரண்டு எதிரெதிரே வந்தால் நடுவே 30 மில்லிமீட்டர் விட வேண்டும். நாலு பெடலுக்கு 292, மூன்று இடைவெளிக்கு 90, இரு ஓரமும் தலா 30. ஆக 442. ஷூ போட்ட கால் பக்கத்துக் குமிழைத் திருப்பிவிடாமல் இருக்க இந்த இடைவெளியே போதுமாக இருந்தது. இரண்டு வரிசை ஆழம் 258, பவர் வயர் போக இடத்தோடு 320. முடிவு: 50க்கு 32 சென்டிமீட்டர். கைபேசியில் காட்டிய 60 சென்டிமீட்டர் பலகை அவன் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நிற்காது என்பதையும் டேப் வைத்து அளந்தே பார்த்தோம்.

பெடல்டிரெயின் வகை அலுமினியப் பலகைகளில் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பது பெரிய வசதி. வயரை எங்கே வேண்டுமானாலும் கீழே இறக்கலாம். ஆனால் எங்கள் அளவுக்குத் தச்சரிடமே சொன்னோம். 12 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டைகள் மூன்று, நடுவே இரண்டு இடைவெளி, முன்னால் 3 சென்டிமீட்டர் உயரம், பின்னால் 8. சப்ளை பின்பக்கம் அடியில் மறைந்துகொண்டது. தச்சர் அண்ணாச்சி ஓரங்களை உருட்டி வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். கேட்காமலே செய்த வேலை, கையில் தூக்கும்போது அதன் அருமை தெரிகிறது.

வெல்க்ரோ எனக்குப் பிடிப்பதில்லை. பாஸ் பெடலின் அடிரப்பரில் அது சரியாக ஒட்டாது, நம் வெயிலில் பசை இளகி வழியும். பிளைவுட் பலகைக்கு நல்ல வழி சைக்கிள் செயின். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட பழைய செயினை மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணி கண்ணியாகப் பிரித்து, ஒரு துளையைப் பெடலின் அடித்திருகாணியிலும் மறு துளையைப் பலகையிலும் முடுக்கினோம். பெடலுக்கு மூன்று கண்ணி. தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் அசையவில்லை.

எல்லாம் ஏற்றிய பிறகு ஆறரைக் கிலோ.

மண்டபத்தில்

தேவாலயத்தில் முதல் ஞாயிறு சத்தமில்லை. இரண்டாவது வாரம் ஒரு பழைய கல்யாண மண்டபத்திலிருந்து கூப்பிட்டான். மறுபடி ஊங்குகிறது. ஜி சுரத்தோடு ஒப்பிடச் சொன்னேன். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. 50 ஹெர்ட்ஸ். பலகையின் தப்பல்ல, மண்டபத்து எர்த். ஆம்ப் ஒரு சுவரில், பெடல்போர்டு மறு சுவரில். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடச் சொன்னேன், முக்கால்வாசி அடங்கியது.

பக்கத்தில் யாரோ ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் முழுக்க நின்றுவிடும் என்று சொன்னார்களாம். நான் போனிலேயே கத்திவிட்டேன். 1972இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, எல்லார் கண்ணெதிரிலும் இறந்தார். கிட்டார்க் கம்பி ஒரு கையில், மைக் உதட்டில் என்று நிற்கிறவர்கள் நாம். ஊங்காரத்தோடு வாசித்துவிடலாம். எர்த்தைக் கழற்றாதீர்கள்.

இப்போது அவன் பையில் ஒரு மல்டிமீட்டரும் இருக்கிறது. மண்டபத்துக்குப் போனதும் பிளக் பாயிண்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொருகுகிறான். எண் கோணலாக இருந்தால் மண்டபத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறான்.

சப்ளையில் இரண்டு வாய் மீதம், இரண்டும் 100. ஒன்று வா பெடலுக்கு. மற்றதில், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பர் பெடல் ஒன்று மாட்ட வேண்டும் என்று போன வாரம் வந்து நின்றான். அவன் பார்த்து வைத்திருப்பது 170 மில்லிஆம்பியர் கேட்கிறது. டிலேயை 100க்கு மாற்றினால் 500 வாய் ஒன்று கிடைக்கும். 65 தானே, தாங்கும், என் இரட்டிப்புக் கணக்கு மட்டும் போய்விடும். இடம்தான் சிக்கல். லூப்பரைச் சரியான தாளத்தில் மிதிக்க வேண்டும், அது முன்வரிசையில்தான் இருந்தாக வேண்டும், முன்வரிசையில் இனி இன்னொரு பெடலுக்கு இடமில்லை. டிஎஸ்-1ஐப் பின்னால் தள்ளுவதா என்று பார்க்க, சனிக்கிழமை மறுபடி செய்தித்தாளை விரிக்கிறோம்.